"சாமி என்ன சொன்னார்?"

கேள்வி: மேடைப் பேச்சுப் பயிற்சி மன்றம் ஒன்றில் மூன்று வருடமாக உறுப்பினர் நான். மன்றத்தில் பேச்சாளர்களை மதிப்பிடும் முறையிலேயே எங்கள் தேவாலயப் பங்குத்தந்தை ஞாயிறு பூசையில் ஆற்றும் மறையுரையையும் (பிரசங்கத்தையும்) குறிப்பெடுக்கிறேன். போன வாரம் 22 நிமிடம். 'ஆ…', 'வந்து…' மட்டும் 41 முறை. கண் தாளை விட்டு நிமிரவில்லை. "கடைசியாக" என்று மூன்று தடவை சொன்னார். பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குக் காது மந்தம். திரும்பி வரும்போது "சாமி என்ன சொன்னார்?" என்பார். "பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவேன். என் குறிப்புகளைப் பங்குத்தந்தையிடம் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, கொடுப்பதா வேண்டாமா என்பது அப்புறம். அம்மா விஷயத்துக்கு வாருங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். எனக்குத் தாண்ட மனம் வரவில்லை.

22 நிமிடமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு 'ஆ…'கூடத் தப்பவில்லை. அன்று பூசையில் வாசித்த நற்செய்திப் பகுதி எது? கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை. காது கேட்காதவர் ஆசையாகக் கேட்கிறார், காது கேட்கிற பிள்ளை கைவிரிக்கிறார். "பெரிதாக ஒன்றுமில்லை" என்றீர்களே, எதை? சாமியின் பேச்சையா, அம்மாவின் கேள்வியையா?

பெற்றவளுக்குக் காது போனால் பிள்ளைதான் காது என்று நினைக்கிற பழைய ஆள் நான். சின்ன வயதில் பூசையில் நீங்களும் தூங்கி வழிந்திருப்பீர்கள். யார் மடியில் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, மறையுரைக்கு வருகிறேன். 22 நிமிடம் நீளம்தான். எட்டு நிமிடத்தைத் தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று திருத்தந்தை பிரான்சிசே 2024இல் சொன்னார். புனித பவுல் நள்ளிரவுவரை பேசிக்கொண்டே போனதில், சன்னலில் உட்கார்ந்திருந்த இளைஞன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த கதை விவிலியத்தின் 'திருத்தூதர் பணிகள்' நூலில் இருக்கிறது. பவுலுக்கே அந்தக் கதி!

ஆனால் உங்கள் மன்றத்து அளவுகோல் இங்கே பாதி தூரம்தான் வரும். அங்கே தலைப்பு பேச்சாளரின் விருப்பம். இங்கே ஞாயிறு வாசகங்கள், அதாவது பூசையில் படிக்கும் விவிலியப் பகுதிகள், மூன்று ஆண்டுச் சுழற்சியில் தானாக வரும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதிலிருந்துதான் பேச வேண்டும். தக்க காரணமில்லாமல் ஞாயிறு மறையுரையை விடவும் திருச்சபைச் சட்டம் இடம் தராது. அதனால், அன்றைய வாசகத்தைத் திறந்து காட்டினாரா என்பதை முதலில் பாருங்கள். கேட்டவர் எதைக் கொண்டுபோனார் என்பதை அடுத்துப் பாருங்கள். 'ஆ…' கணக்கெல்லாம் அதற்கும் பின்னால்.

வரும் ஞாயிறு நோட்டை வீட்டில் வையுங்கள். கிளம்புமுன் அன்றைய வாசகங்களை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். திரும்பி வந்ததும், சாமி சொன்னதை மூன்றே வாக்கியத்தில் அவர் காதருகே நிதானமாகச் சொல்லுங்கள். நாலைந்து வாரம் முயன்றும் மூன்று வாக்கியம் தேறவில்லையா? அப்போது பங்குத்தந்தையைத் தனியாகப் பாருங்கள். "சாமி, அம்மாவுக்கு எடுத்துச் சொல்லப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை" என்று சொல்லுங்கள். அவருக்கு உறைக்கும். அந்த 41ஐ மட்டும் வாயில் எடுக்காதீர்கள். மனிதர் அடுத்த வாரம் அதை எண்ணிக்கொண்டே இன்னும் தடுமாறுவார்.

ஆமாம், அம்மாவைக் காது மருத்துவரிடம் கடைசியாக எப்போது கூட்டிப்போனீர்கள்? அதையும் கடிதத்தில் காணோம்.