உவர்மலையா, அலஸ்தோட்டமா? திருகோணமலையில் வீடு தேடுவோரின் கேள்விகள்

கணவருக்கு உவர்மலையில் உள்ள மாகாண அலுவலகமொன்றுக்கு இடமாற்றம். உவர்மலையிலும் அலஸ்தோட்டத்திலும் ஏறக்குறைய ஒரே வாடகையில் வீடு கிடைக்கிறது. எதை எடுப்பது?
– ஆசிரியை, மட்டக்களப்பு

என்னைக் கேட்டால் உவர்மலை. வேலைக்கு நடந்தே போகலாம் என்பது மட்டும் காரணமல்ல. அது மேட்டு நிலம். மழைநீர் தங்காமல் ஓடிவிடும். அலஸ்தோட்டத்தில் கடற்காற்று உண்டு, பிள்ளைகள் ஓடி விளையாட வளவும் உண்டு. ஆனால் தரை சமதரை. ஆடி வெயிலில் எல்லா வீடும் அழகாகத்தான் தெரியும். நமக்குப் பெருமழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. பள்ளமான வளவில் கைக்குழந்தையோடு கட்டில்மேல் இரவைக் கழித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மதிலின் அடியைத்தான் பார்ப்பேன். சுண்ணாம்பு உரிந்து, முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடினால், வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் அங்கே வெள்ளம் நின்றிருக்கிறது. படலையின் கீழ்க் கீல் மட்டும் துருப்பிடித்திருந்தாலும் அதே சந்தேகந்தான்.

உவர்மலையிலும் ஒன்றைக் கவனியுங்கள். மேட்டு வீடுகளில் குழாய்நீர் மெலிந்து வரலாம். அதிகாலையில், ஊரே தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், குழாயைத் திறந்து பாருங்கள்.

வீடு மாறினால் மகளுக்கு அருகிலுள்ள பாடசாலையில் முதலாம் தரத்தில் இடம் கிடைக்குமா?
– தாய், மூதூர்

உடனே கிடைக்கும் என்று நம்பி வீடு மாறாதீர்கள். அருகில் வசிப்போருக்கு 50 வீத இடங்கள் உண்டு. ஆனால் எத்தனை ஆண்டுகளாக அங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கும் புள்ளி இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் பெயர் வேண்டும். முதலில் அதிபரிடம் நேரில் கேளுங்கள்.

உப்புவெளியில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. கிணற்று நீர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நம்பலாமா?
– வங்கி ஊழியர், வவுனியா

ஆவணியில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள். கரையோர மணலில் மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கோடையில் அந்த நன்னீர்ப் படை மெலியும். மோட்டார் போட்டு அதிகமாக இறைத்தால் உப்பு மேலே ஏறும். சவர்க்காரம் நுரைக்கிறதா என்று கையில் தேய்த்துப் பாருங்கள். சமையலறைக் கேத்தலின் உட்புறத்தையும் எட்டிப் பாருங்கள்: வெள்ளையாகப் படிந்திருந்தால் குடிநீருக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்று: அந்தப் பக்கத்தில் சித்திரை முதல் புரட்டாதி வரை உல்லாசப் பயணிகள் வரும் காலம். அதிக பணம் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் உங்களை நடுவில் வீட்டைவிட்டு எழுப்பிவிடக்கூடும். ஓராண்டுக்குக் குறையாமல் உடன்படிக்கை எழுதி, முற்பணத்தையும் அதில் குறிப்பிடுங்கள்.

வேலை கிண்ணியாவில். நகரத்தில் குடியிருந்து போய்வர முடியுமா?
– தாதி, கல்முனை

தாராளமாக. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைக்கு, அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் படகுக்கு, காத்துக் கிடந்தோம். இப்போது பஸ்ஸில் போகலாம். இரவுக் கடமை இருந்தால் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது. தினமும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போக ஆசைப்படுகிறார். எங்கே வீடு பார்க்கலாம்?
– மகன், கொழும்பு

நகரத்துக்குள்ளேயே பாருங்கள். வாடகை கூடினாலும், வளவு சிறிதானாலும் பரவாயில்லை. கோயிலிலிருந்து வீடுவரை அம்மாவை ஒருமுறை மெதுவாக நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். வழியில் எங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்று பார்த்துக்கொண்டு முற்பணம் கொடுங்கள்.