சோப்புத் தண்ணீரில் தானாக உருவாகும் பைகள்

வணக்கம் சார்,

செல் சவ்வு பற்றிய கட்டுரையில், எதிரெதிர் மின்சுமையுள்ள இரண்டு சர்ஃபாக்டன்ட்களை (சோப்பு போன்ற பொருட்களை) தண்ணீரில் கலந்தாலே வெசிகிள் என்னும் மூடிய பைகள் தானாக உருவாகும் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் பள்ளியில் படித்தது சோப்பு மூலக்கூறுகள் சேர்ந்து உருவாகும் மிசெல் என்னும் சின்னத் திரள் மட்டும்தான். யாரும் கட்டாமல் ஒழுங்கு வருவது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு எதிரானது இல்லையா?

ரா.

அன்புள்ள ரா.,

எதிரானது இல்லை. ஒழுங்கு வந்த இடம் தெரிகிறது, ஒழுங்கு குலைந்த இடம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும் எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு வாலும் உண்டு. அந்த வாலைச் சுற்றி நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் இஷ்டப்படி திரும்ப முடியாமல் கட்டுப்பட்டு நிற்கின்றன. வால்கள் ஒன்றாக ஒதுங்கியதும் அந்தத் தண்ணீருக்கு விடுதலை. தலைகளோடு ஒட்டியிருந்த சோடியம் போன்ற அயனிகளும் எதிர் மின்சுமைத் தலைகள் சேரும்போது கழன்று போகின்றன. மொத்தமாகக் கூட்டினால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, கூடித்தான் இருக்கும். இரண்டாம் விதி கேட்பதும் அதைத்தான்.

சரி, ஏன் பை? மூலக்கூறின் வடிவம்தான் காரணம். 1976-ல் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் என்னும் விஞ்ஞானிகள் மூவரும் ஒரு எளிய கணக்கு தந்தார்கள். வாலின் கன அளவை, தலை பிடிக்கும் பரப்பையும் வாலின் நீளத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். விடை 1/3-க்குக் கீழே என்றால் உருண்டை மிசெல், 1/2 வரை உருளை, அதற்கு மேல் 1 வரை ஈரடுக்கும் (வால்கள் உள்பக்கம் பார்க்க இரண்டு அடுக்காக நிற்கும் படலம்) பையும். ஒரே மின்சுமையுள்ள தலைகள் ஒன்றையொன்று தள்ளி நிறைய இடம் பிடிப்பதால் மிசெல் வருகிறது. எதிர் மின்சுமையுள்ள இன்னொரு சர்ஃபாக்டன்ட்டைச் சேர்த்தால் தலைகள் நெருங்கிவிடும், ஜோடியாகப் பார்த்தால் இரண்டு வால், சின்னத் தலை, கிட்டத்தட்ட செல் சவ்வின் லிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறு மாதிரியே. எரிக் கேலர் குழு 1989-ல் சயின்ஸ் இதழில் காட்டியது இதைத்தான். அவர்கள் எடுத்த இரண்டில் ஒன்று சலவைத்தூளில் இருக்கும் வகைதான்!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரே பொருளால் ஆன ஈரடுக்கில் இரண்டு அடுக்கும் ஒரே அளவு வளைய விரும்பும். ஆனால் முதுகோடு முதுகு ஒட்டியிருப்பதால் ஒன்றின் வளைவை இன்னொன்று ரத்து செய்துவிடும், தட்டையாகவே கிடக்கும். கலவையில் அப்படி இல்லை. உள்ளடுக்கில் ஒரு விகிதம், வெளியடுக்கில் வேறு விகிதம் என்று மூலக்கூறுகள் பிரிந்து அமர முடியும், அதனால் வளைந்த நிலையே சௌகரியமாகிவிடுகிறது. சாஃப்ரான், பிங்கஸ், ஆண்டெல்மன் 1990-ல் இதைக் கோட்பாடாக எழுதினார்கள். ஒற்றைப் பொருளால் முடியாததைக் கலவை செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பரவசமாக இருக்கிறது.

அப்புறம், கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்ப்பதாக இருந்தால் இரண்டையும் சரிபாதியாகக் கலக்காதீர்கள், பெரும்பாலும் வீழ்படிவாக இறங்கிவிடும். ஒன்று கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த மிச்ச மின்சுமைதான் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் தள்ளி வைக்கிறது.