2024–25 பருவத்தில் மகளிர் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் முதலிடம் யாருக்கு?

எங்கள் தொண்டிக் கடற்கரையில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் முந்திக் கரை சேர்ந்தவரே வென்றவர். பனித்தரையில் சறுக்கியபடி தாவியும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அப்படி ஓர் எல்லைக்கோடு இல்லாததால், அந்தப் பருவத்தின் சிறந்த வீராங்கனை யார் என்ற உங்கள் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கூற இயலாது. டிசம்பரில் கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியை வென்ற ஆம்பர் கிளென், மார்ச்சில் பாஸ்டனில் நடந்த உலகப் போட்டியில் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார். அவருடைய மூன்றரைச் சுற்று ஆக்செல் தாவலுக்கு அடிப்படை மதிப்பே 8 புள்ளிகள். ஆனால், நடுவர்கள் −5 முதல் +5 வரை தரம் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்வதால், தரையிறங்கும்போது கால் தடுமாறினால் அந்த முதலீடு கரைந்துவிடும். பதினாறு வயதில் ஓய்வை அறிவித்து, இரண்டாண்டு கழித்துத் திரும்பிய அலிசா லியு 222.97 புள்ளிகளுடன் உலகப் பட்டம் பெற்றார். அவரையே முதலில் வைப்பேன். இவ்விரு போட்டிகளிலும் பதக்க மேடையேறிய கவோரி சகாமோட்டோவையும் மோனே சிபாவையும் (இவரைப் பலர் கவனிப்பதே இல்லை) கிளெனுக்கு முன்னால் வைப்பதா என்பதில்தான் எனக்குத் தயக்கம்.