போடியாரின் குடி எங்கே போனது?

கேள்வி: அப்பப்பாவின் தகப்பன், என் பூட்டனார். பழைய காணி உறுதி ஒன்றில் அவர் பெயர் 'போடி' என்று முடிகிறது. கனடாவில் இருக்கும் மகன் அதையே குடும்பப் பெயராக வைக்க ஆசைப்படுகிறான். பூட்டனாரின் குடியை, அதாவது வம்சப் பிரிவை, எப்படிக் கண்டுபிடிப்பது? வயல்களை எப்போதோ விற்றுவிட்டோம். விசாரிக்கவும் ஆளில்லை.
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: குடி என்று முடியும் ஊரில் இருந்துகொண்டு குடி எந்த வழியாக வரும் என்பதை மறந்துவிட்டீர்களே! மட்டக்களப்பில் குடி தாய்வழி. தமிழருக்கும் அப்படித்தான், இங்குள்ள முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். பூட்டனாரின் குடி அவர் பிள்ளைகளுக்கு வரவில்லை, அவருடைய அக்கா தங்கச்சிமாரின் பிள்ளைகளுக்குப் போயிற்று. ஆகவே நீங்கள் தேடவேண்டியது அவருடன் பிறந்த பெண்களின் வழியில் வந்தவர்களை. அந்த வீடுகளில் ஒரு கிழவி இருந்தால் போய்த் திண்ணையில் குந்துங்கள். "பெத்தா, நாம எந்தக் குடி?" என்றால் குடியைச் சொல்வார், வாய் திறந்துவிட்டால் குடிக்குள் இருக்கும் தாய்வழிக் கிளையான வயிற்றுவார் வரைக்கும் போவார். அவர் இல்லையென்றால் குடும்பம் கும்பிட்ட கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரைப் பிடியுங்கள். எந்த நாள் திருவிழா எந்தக் குடிக்கு என்பது அவருக்குத் தெரியும்.

கையில் இருக்கும் உறுதியை இன்னொரு தடவை படியுங்கள். அது சீதன உறுதி என்றால் வீடுவளவு பூட்டியுடையது. பூட்டனார் அங்கே மாப்பிள்ளையாக வந்து இருந்தவர். பிறந்த ஊர் வேறாகவும் இருக்கலாம். கல்முனை, திருக்கோவில் பக்கம் என்றாலும் பத்திரத்தில் அம்பாறை மாவட்டத்தைத் தேடாதீர்கள். அது 1961 இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் எல்லாம் மட்டக்களப்பு. பிறப்பு இறப்புப் பதிவே 1867 இல் தொடங்கியது என்பதால் அதற்கும் முந்தியவர் என்றால் உறுதியும் கோயிலும் கிழவிகளும்தான் கதி.

'போடி' குடும்பப் பெயரே அல்ல. வட்டையில் வயல் வைத்து ஆள்விட்டுச் செய்த பெரிய மனிதருக்கு ஊர் கொடுத்த மரியாதை. நம்மிடம் தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். வெளிநாட்டுப் படிவம் கேட்கிறது என்பதற்காகப் பூட்டனாரைப் பிடித்து அந்தக் கட்டத்துக்குள் அடைக்கவேண்டுமா? பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயரையே மகன் வைத்திருக்கட்டும். போடியாராக வயல் வேண்டும், அதைத்தான் விற்றுவிட்டீர்களே.