சிற்பம் போலக் கையால் செய்யும் நாற்காலி, மேசைகளைக் கலை என்பதா, மரச்சாமான் என்பதா?

அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். மரத்திலிருந்தும் உட்காருகிறவர் உடம்பிலிருந்தும் வந்திருந்தால் இரண்டு பெயரும் அதற்குப் பொருந்தும். கண்ணைக் கவர வேண்டும் என்பதற்காக மட்டுமே வளைத்த நாற்காலி என்றால், பத்து நிமிடத்தில் முதுகே சொல்லிவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தவை மரச்சாமான் செய்த ஜார்ஜ் நகாஷிமாவின் வேலைகள். 1905இல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். படித்தது கட்டடக் கலை. 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் வேலையில் இருந்தார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு ஐடஹோவில் இருந்த மினிடோகா தடுப்பு முகாமில் அடைத்தது. அங்கே கிடைத்த மிச்சமீதிக் கட்டைகளை வைத்து, ஜப்பானிய முறையில் தேர்ந்த ஒரு தச்சரிடம் தொழில் கற்றார். பிறகு மற்றவர்கள் கழித்துவிடும் கணுவும் வெடிப்பும் உள்ள பலகைகளை அவர் விரும்பி எடுத்ததற்கு அந்த நாட்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அவருடைய கோனாய்டு நாற்காலிக்கு முன்னங்கால்கள் கிடையாது. பின்னால் இருக்கும் இரண்டே கால்கள் மேலே சாய்மானமாக நீள்கின்றன. உட்காரும் பலகை முன்பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. பார்த்தால் சிற்பம்தான். ஆனால் கால்களுக்கு அடியில் தரையோடு படிந்து முன்னால் நீளும் இரண்டு கட்டைகளைக் கவனியுங்கள். ஆள் உட்கார்ந்தால் நாற்காலி கவிழாமல் தாங்குவது அவைதான். கம்பளத்தில் கால் புதையாமல் சறுக்கி நகர்த்தவும் அவையே உதவுகின்றன. எது அழகு, எது உபயோகம் என்று அதில் கோடு போட்டுப் பிரிக்க என்னால் முடியவில்லை.

என் வீட்டு மேசைக் கதையையும் சொல்கிறேன். பெரியப்பா தோட்டத்தில் விழுந்த பலா மரத்தின் பலகை அது. இரண்டு அங்குல கனம். அங்குலத்துக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் நிழலில் காயவைத்தோம். ஆனாலும் ஒரு முனையில் வெடித்தது. மரம் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுவை தாங்காமல்தான் வெடிக்கிறது.

“மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சிடலாம் தம்பி, தெரியவே தெரியாது” என்றார் ஆசாரி.

“தெரியட்டும் அண்ணே. மேற்கொண்டு விரியாம இருந்தா போதும்” என்று சொல்லி, நகாஷிமாவின் மேசைப் படம் ஒன்றைக் காட்டினேன். வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டைகளைப் பதித்திருப்பார். அந்தக் கட்டையின் ரேகை, அதாவது நார் ஓடும் திசை, வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். ரேகையின் நீளவாக்கில்தான் மரத்துக்குப் பலம் அதிகம், சுருக்கமும் மிகக் குறைவு. ஆசாரி படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன்னிடம் இருந்த பழைய தேக்குத் துண்டில் மூன்று கட்டைகள் அறுத்து, உளியால் குழி எடுத்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பதித்தார். மஞ்சள் பலாவில் பழுப்புத் தேக்கு. ஆறு வருடமாகிறது, வெடிப்பு ஒரு நூல்கூட நகரவில்லை. வீட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் அந்த முனைதான்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம். பலகை எவ்வளவு நாள் காய்ந்தது, எப்படிக் காயவைத்தார்கள் என்று கேளுங்கள். அப்புறம், குனிந்து மேசையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பலகையைக் காலோடு பிணைக்கும் திருகாணிகளுக்கு நீள்துளை போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். மழைக்காலத்தில் ஊறி விரியவும் கோடையில் சுருங்கவும் பலகைக்கு அந்த இடைவெளி வேண்டும். இறுக்கி முடுக்கியிருந்தால், மேலே எவ்வளவு அழகாக இழைத்திருந்தாலும் வாங்காதீர்கள்.