மேப்பிள் மரத்தில் சாறு எடுப்பது எப்போது, எப்படி?

கேள்வி: தெற்கு ஒன்டாரியோவில் எங்கள் வீட்டின் பின்புறம் இரண்டு பெரிய சர்க்கரை மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. எந்த மாதத்தில் துளையிட்டால் சாறு கிடைக்கும்? துளையிடுவதால் மரத்துக்குக் கேடு வராதா?

பதில்: நாட்காட்டியைவிட வானிலை அறிக்கையே உங்களுக்கு உதவும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கி, பகலில் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் நாட்கள் அடுத்தடுத்து வரும்போதுதான் சாறு நன்றாக ஓடும். உங்கள் பகுதியில் அது பெரும்பாலும் பிப்ரவரி இறுதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலம். இரவுக் குளிரில் மரத்தின் நார்களுக்குள் இருக்கும் வாயு சுருங்குவதால் உறிஞ்சுவிசை உண்டாகி, வேரிலிருந்து நீர் மேலேறுகிறது. பகலில் உறைந்தது உருகும்போது அதே வாயு விரிந்து, சாற்றைத் துளை வழியே வெளியே தள்ளுகிறது. இரவும் பகலும் உறைந்தே கிடந்தாலோ, இரவிலும் குளிர் விட்டுவிட்டாலோ ஓட்டம் நின்றுவிடும். அவசரப்பட்டு ஜனவரியிலேயே துளையிட்டால், நுண்ணுயிர்கள் பெருகி, நல்ல ஓட்டம் வரும் நாட்களில் துளை அடைபட்டுப் போகலாம்.

மரத்தைப் பற்றிய உங்கள் கவலை மிகவும் நியாயமானது. மார்பு உயரத்தில் 30 சென்டிமீட்டர் விட்டம் இல்லாத மரத்தைத் தொடாதீர்கள். 45 சென்டிமீட்டரைத் தாண்டிய, நோயில்லாத மரத்தில் மட்டும் இரண்டாவது துளையைப் பற்றி யோசிக்கலாம். உறைநிலைக்கு மேலான ஒரு பகற்பொழுதில், 8 மில்லிமீட்டர் அளவுள்ள கூரான, சுத்தமான டிரில்லால், 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சாறு தானாக வெளியே வடியும்படி உட்புறம் சற்றே மேல்நோக்கித் துளையிடுங்கள். அப்போது வெளிவரும் மரத்தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வெளிர் மஞ்சளாக, ஈரமாக இருந்தால் அது உயிருள்ள மரம், கரும்பழுப்பாக இருந்தால் அங்கே சாறு வராது. சாறு வடிவதற்கான சிறு குழலைத் துளையில் வைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டி, இறுகியதும் நிறுத்திவிடுங்கள், ஏனெனில் ஓங்கி அடித்தால் மரம் விரிசல் விட்டுச் சாறு பக்கவாட்டில் கசியும். பருவம் முடிந்ததும் குழலைக் கழற்றிவிட்டால் போதும். துளையை மெழுகாலோ கட்டையாலோ அடைக்க வேண்டாம், மரமே அதை மூடிக்கொள்ளும். ஆனால் துளைக்கு மேலும் கீழுமாக, மரத்தின் உள்ளே நீளும் ஒரு குறுகிய பகுதி மீண்டும் சாறு கடத்தாது என்பதால், அடுத்த ஆண்டு அதே நேர்க்கோட்டைத் தவிர்த்து, பக்கவாட்டில் நன்றாகத் தள்ளித் துளையிடுங்கள்.

கேள்வி: சேர்த்த சாற்றை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? அதைக் காய்ச்சினால் எவ்வளவு பாகு கிடைக்கும்?

பதில்: பாலைப் போலவே அதையும் நடத்துங்கள். குளிரில் மூடிவைத்து, ஓரிரு நாட்களுக்குள் காய்ச்சிவிடுவது நல்லது. சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதமே என்பதால், 40 லிட்டருக்குச் சுமார் 1 லிட்டர் பாகுதான் தேறும். இவ்வளவு நீராவியை வீட்டுக்குள் விடாமல், வெளியில் அடுப்பு மூட்டிக் காய்ச்சுங்கள். அன்று உங்கள் இடத்தில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடியதும் பாகு பதமாகிவிடும். உடனே இறக்கி, சூடாகவே வடிகட்டுங்கள். கிளைகளில் மொட்டுகள் பருக்கத் தொடங்கிவிட்டால், சாறு வந்துகொண்டிருந்தாலும் சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள், ஏனெனில் அந்தச் சாற்றில் காய்ச்சிய பாகின் சுவை கெட்டுவிடும்.