பழைய பதிவும் புதிய வேலையும்

கேள்வி: கல்லூரி நாட்களில் ஃபேஸ்புக்கில் அரசியல் சண்டை, கெட்ட வார்த்தை என்று நிறைய எழுதியிருக்கிறேன். இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். கணக்கையே அழித்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் தேடினால் என்ன கண்ணில் படுகிறது என்று முதலில் பாருங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ (தனிப்பட்ட) ஜன்னலைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல், உங்கள் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். அடுத்து பெயருடன் கல்லூரி, பிறகு மின்னஞ்சல் முகவரி, கடைசியாக நீங்கள் வழக்கமாக வைக்கும் யூசர்நேம். மாட்டிவிடுவது பெரும்பாலும் இந்தக் கடைசித் தேடல்தான். புனைபெயரில் நடத்தும் கணக்குக்கும், வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னுக்கும் ஒரே யூசர்நேம் இருந்தால் பெயரை மறைத்து என்ன பயன்?

ஃபேஸ்புக் செட்டிங்ஸில், பழைய பதிவுகளை யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. எல்லோருக்கும், நண்பர்களின் நண்பர்களுக்கும் என்று போட்டவை மொத்தமாக ‘நண்பர்களுக்கு மட்டும்’ என மாறிவிடும். பழையபடி ஆக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், யோசித்து அழுத்துங்கள்.

ஆனால் அடுத்தவர் பதிவின் கீழே நீங்கள் போட்ட கமென்ட்டை இந்த வசதி தொடாது. அந்தப் பதிவு பப்ளிக் என்றால் உங்கள் கமென்ட்டும் பப்ளிக். நீங்கள் சொல்லும் சண்டைகளில் பாதிக்கு மேல் அங்கேதான் கிடக்கும். நீங்கள் ஃபேஸ்புக்கில் செய்தவற்றைப் பட்டியலிடும் ஆக்டிவிட்டி லாக்கில் கமென்ட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, ஆண்டு வாரியாகப் பார்த்து நீக்குங்கள். அரசியல் கருத்து வைத்திருப்பது குற்றமில்லை. அதையெல்லாம் துடைக்க வேண்டியதும் இல்லை. வசை, மிரட்டல், சாதி மதத்தையும் பெண்களையும் இழிவாகப் பேசியது, பழைய முதலாளியைத் திட்டியது ஆகியவை முதலில் போகட்டும். முதலாளியைத் திட்டிய பதிவைப் படிப்பவர், நாளைக்கு நம்மையும் இப்படித்தான் எழுதுவார் என்றே நினைப்பார்.

ஃபேஸ்புக்கின் குப்பைத் தொட்டிக்கு (ட்ராஷ்) அனுப்பிய பதிவு 30 நாள் அங்கே இருந்துவிட்டுத்தான் அழியும். கூகுள் முடிவுகளில் பழைய வரி அதன் பிறகும் தெரிந்தால், காலாவதியான தகவலை நீக்கக் கோரும் கூகுளின் பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுங்கள். யாரோ எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு மட்டும் வழியில்லை. நேர்காணலில் அதைக் காட்டிக் கேட்டால் மழுப்பாதீர்கள். ‘நான் எழுதியதுதான், தவறு, இப்போது அப்படி எழுதுவதில்லை’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்போதுள்ள நிறுவனத்துக்குத் தெரியாமல் லிங்க்ட்இன்னில் வேலை தேட முடியுமா?

பதில்: ஓரளவுக்கு. வேலை தேடுவதைக் காட்டும் ‘ஓபன் டு வொர்க்’ வசதியில், படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும் வகை எல்லோர் கண்ணிலும் படும். ‘ரெக்ரூட்டர்களுக்கு (வேலைக்கு ஆள் தேடுபவர்களுக்கு) மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களிடமிருந்து லிங்க்ட்இன் இதை மறைக்க முயலும்; உத்தரவாதம் தராது. ப்ரொஃபைலைத் திருத்தும் முன், மாற்றங்களை நெட்வொர்க்குக்கு அறிவிக்கும் செட்டிங்கை அணைத்துவிடுங்கள். ஒரே நாளில் பத்து மாற்றம் அறிவிப்பாகப் போனால் மேலாளருக்கு வேறு சாட்சி வேண்டாம். பணியில் சேர்ந்த, விலகிய மாதங்கள் ரெஸ்யூமேயில் உள்ளபடியே அங்கும் இருக்கட்டும்.

கேள்வி: நேர்காணலில் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டால் என்ன செய்வது?

பதில்: தராதீர்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம் 2012லேயே இப்படிக் கேட்பதைத் தடை செய்து சட்டம் போட்டது. பாஸ்வேர்டைக் கொடுத்தால் உங்களை நம்பி மற்றவர்கள் அனுப்பிய தனிச் செய்திகளும் சேர்ந்தே திறக்கும். ‘என் ப்ரொஃபைல் முகவரியைத் தருகிறேன், பொதுவில் இருப்பதைப் பாருங்கள்’ என்று பணிவாகச் சொல்லுங்கள்.